‘சொல்லிட்டேன் சார்’

மே மாதமும் டிசம்பரும் வந்தால் என் போன் ஓயாது. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், என்றோ ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று எல்லார் வீட்டிலும் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இன்பிளான்ட் ட்ரெயினிங் வேண்டும். போன வாரம் கூப்பிட்டவர் சுற்றி வளைக்கவே இல்லை. “பையன் வரத் தேவையில்லைங்க. லெட்டர்பேடுல ஒரு சர்டிபிகேட் மட்டும் போட்டுக் குடுக்கச் சொன்னீங்கன்னா போதும். அந்தப் பதினஞ்சு நாளும் அவனுக்கு ஜாவா கிளாஸ் இருக்குது” என்றார். எவ்வளவு ஆகும் என்றும் கேட்டார். பையன் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம்.

முப்பது வருஷத்துக்கு மேல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஃபவுண்டரியிலும் மெஷின் ஷாப்பிலும் ஷிப்ட் பார்த்தவன் நான். போனை வைத்த கையோடு எழுத உட்கார்ந்ததால் இதில் கொஞ்சம் கோபம் இருக்கும். தம்பி, அம்மிணி, உங்களில் யார் படித்தாலும் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த விடுமுறைக்கு சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால், வேண்டாம் என்று இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கும் என்று பார்த்திருக்கிறாயா? இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பயிற்சி பெற்றார், அவரது நடத்தை நன்று என்று இருக்கும். வராத பையனுக்கு நடத்தைச் சான்று! ஸ்டாம்ப் குத்துகிறவருக்குத் தெரியும், வாங்கித் தந்த மாமாவுக்குத் தெரியும், கல்லூரியில் அதை ஃபைலில் சொருகுகிற ஆசிரியருக்கும் தெரியும். நான்கு பேர் கூடி ஒரு பொய்யைப் பத்திரம் பண்ணுகிறார்கள். அதில் நீ கற்றுக்கொள்கிற பாடம் ஒன்று உண்டு. கையெழுத்துக்கும் நடந்த காரியத்துக்கும் சம்பந்தம் வேண்டியதில்லை என்பதுதான் அது. இரண்டு வருஷம் கழித்து நீ ஷிப்ட் இன்சார்ஜாக உட்கார்ந்திருக்கும்போது, செய்யாத செக்கிங்குக்கு டிக் போட்ட தாளை ஒரு ஆப்பரேட்டர் உன் முன்னால் நீட்டுவார். அன்றைக்கு எந்த முகத்தோடு நிமிர்ந்து கேட்பாய்?

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்று கேட்கலாம். உனக்கு நேரமில்லை, அதனால்தான். டிகிரி வாங்கிய கையோடு ஒரு கம்பெனி உன்னை ஜி.இ.டி. (கிராஜுவேட் இன்ஜினியர் ட்ரெயினி) என்று எடுக்கும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ சுற்றவிட்டு, ஒரு லைனையோ ஒரு ஷிப்டையோ உன்னிடம் தரும். உனக்கு வயது 22. உன் கீழே இருபது, இருபத்தைந்து பேர். அதில் பாதிப் பேர் உன் அப்பாவைவிட மூத்தவர்கள். அவர்களிடம் எப்படி வேலை வாங்குவது, எப்படிச் சொல்லித் தருவது, தப்பு செய்தால் எப்படிக் கேட்பது, தப்பு உன்னுடையதானால் எப்படி ஒப்புக்கொள்வது என்று இதுவரை யாரும் உனக்குக் காட்டவில்லை. ‘பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு பேப்பர் எழுதியிருப்பாய். ஃபயோலின் 14 கோட்பாடுகளை எழுதி 13 மார்க்கும் வாங்கியிருப்பாய். அந்த ஹென்றி ஃபயோல் ஒரு சுரங்க இன்ஜினியர். 1860-ல், 19 வயதில், பிரான்சில் நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போனவர். அந்தக் கோட்பாடுகளை அவர் வெளியிட்டது 1916-ல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு. அரை நூற்றாண்டு ஆட்களோடு மல்லுக்கட்டியவர் எழுதியதை நீ ஒரு ராத்திரியில் மனப்பாடம் செய்துவிட்டு மேனேஜ்மென்ட் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறாய்.

தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு நூறு முறை காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: “சொல்லிட்டேன் சார்.” மேலே இருப்பவர் கேட்டதும் கீழே இருப்பவர் உதிர்ப்பது. நானும் உதிர்த்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது. பம்பு வால்யூட் காஸ்டிங்குக்குத் துளை போடும் வேலை. ட்ரில்லிங் மெஷினில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் நின்றான். ஃபிக்சரில் எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று காட்டிவிட்டு நான் டீ குடிக்கப் போய்விட்டேன். அவனும் தலையை ஆட்டினான். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், நூற்றுக்கும் மேல் காஸ்டிங்குகள் தலைகீழாகத் துளை போட்டு அடுக்கியிருந்தன. மேனேஜர் வந்தார். நான் ‘சொல்லிட்டேன் சார்’ என்றேன். அவர் திட்டவில்லை. ஒரு காஸ்டிங்கை எடுத்து என் கையில் கொடுத்து, “அவனுக்குச் சொன்ன மாதிரியே எனக்குச் சொல்லுங்க” என்றார். சொல்ல ஆரம்பித்தேன். ‘இந்த ஃபிளாஞ்சு பக்கம் உன்னைப் பார்த்த மாதிரி’ என்று பாதி சொல்லும்போதுதான் உறைத்தது. அந்தப் பையன் தமிழ்நாட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நான் சொன்னது முழுக்கத் தமிழில். அவன் தலையை ஆட்டியது புரிந்ததால் இல்லை, பயந்ததால்.

இன்றைக்குக் கொங்கு நாட்டுப் பட்டறைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆட்கள் இல்லாமல் ஒரு ஷிப்ட் ஓடாது. நம் சூப்பர்வைசர்கள் பலருக்கு இந்தியில் தெரிந்த வார்த்தை ஒன்றுதான்: ‘ஜல்தி’. அவசரப்படுத்த மட்டும் தெரிந்த ஒரு மொழி. நீ போகிற பதினைந்து நாளில் பத்து வார்த்தையாவது கற்றுக்கொள். ‘மெதுவா’, ‘நிறுத்து’, ‘ஜாக்கிரதை’, ‘சாப்பிட்டாச்சா’ என்பவை அதில் இருக்கட்டும்.

சொல்லித் தருவது என்பதே ஒரு தனித் தொழில் என்று ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கு உறைத்தது. இரண்டாம் உலகப்போரின் போது பழக்கமான ஆட்கள் படைக்குப் போய்விட்டார்கள். தொழிற்சாலை வாசலையே மிதிக்காதவர்கள் உள்ளே வந்தார்கள். 1940 முதல் 1945 வரை அங்கே ‘ட்ரெயினிங் வித்தின் இண்டஸ்ட்ரி’ என்று ஒரு திட்டம் நடந்தது. ஒரு பாடம் பத்து மணி நேரம். வேலை சொல்லித் தருவது எப்படி, வேலை முறையைத் திருத்துவது எப்படி, ஆட்களோடு பழகுவது எப்படி என்று மூன்று பாடங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சூப்பர்வைசர்கள் அதில் தேறினார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டா அதைப் பிடித்துக்கொண்டது. சட்டைப்பையில் வைக்கிற அளவு அட்டை ஒன்றில் சொல்லித்தரும் முறையை அச்சடித்துக் கொடுத்தார்கள். முதலில் ஆளின் படபடப்பைத் தணித்து, அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டுக்கொள். அடுத்து ஒவ்வொரு படியாகச் செய்து காட்டி, எங்கே கவனம் வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல். பிறகு அவனைச் செய்யவிட்டு, அவன் வாயாலேயே விளக்கச் சொல். கடைசியாக, தனியே விட்டாலும் அவ்வப்போது வந்து பார், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்கலாம் என்று காட்டிவிட்டுப் போ. இவ்வளவுதான். ஆள் கற்றுக்கொள்ளவில்லை என்றால் குற்றம் சொல்லிக் கொடுத்தவன் மேல் என்பது அதன் அடிப்படை. அப்போது எனக்கு அந்த அட்டை தெரிந்திருந்தால் அத்தனை காஸ்டிங்கும் தப்பியிருக்கும். பயிற்சிக் காலத்தில் ஒரே ஒரு புது ஹெல்பருக்கு ஒரே ஒரு வேலையை இந்த முறையில் கற்றுக்கொடுத்துப் பார். அதற்கு முன் அந்த வேலையை நீ கற்றிருக்க வேண்டும் என்பதை அப்போது தெரிந்துகொள்வாய்.

இங்கே உனக்குக் கிடைக்கிற ஒரு சலுகையைச் சொல்லவேண்டும். ட்ரெயினிக்கு அதிகாரம் கிடையாது. அது எத்தனை பெரிய வரம் என்று சூப்பர்வைசரான பிறகுதான் தெரியும். அதிகாரம் வந்துவிட்டால் ஆட்கள் உன்னிடம் பேசுவதைக் குறைத்துவிடுவார்கள். நீ நெருங்கும்போது பேச்சு நின்றுபோகும். டீக்கடையில் உனக்கு இடம் விட்டு எழுந்து நிற்பார்கள். இந்தப் பதினைந்து நாள்தான் அவர்கள் உன்னை ‘காலேஜ் பையன்’ என்று நினைத்து எல்லாவற்றையும் சொல்வார்கள். எந்த மெஷினை எப்படி ஏமாற்றி ஓட்டுகிறார்கள், எந்த சூப்பர்வைசர் வந்தால் வயிறு கலங்கும், யாருக்காக உயிரைக் கொடுத்து ஓ.டி. பார்ப்பார்கள் என்பதெல்லாம் இந்த நாட்களில் உன் காதில் விழும். நல்ல மேலாளர் எப்படி இருப்பார் என்று கீழேயிருந்து பார்க்க உனக்குக் கிடைக்கிற ஒரே ஜன்னல் இது. அதைக் கொண்டுபோய் ஏ.சி. ரூமில் அடைத்துவிடாதே. ஹெச்.ஆர். மேடம் கம்ப்யூட்டரில் எக்செல் அடிக்கச் சொன்னால், ஒரு நாள் அடித்துக் கொடு. இரண்டாம் நாள் காலையில், “ஷாப் ஃப்ளோருக்கு அனுப்புங்க மேடம்” என்று கேள்.

நான் ட்ரெயினியாக இருந்த ஃபவுண்டரியில் ஒரு மோல்டர் இருந்தார். அறுபதை நெருங்கியவர், படிப்பு மூன்றாம் வகுப்பு. ஒரு சித்திரை மாத மதியம், காஸ்டிங் வரிசையாக மணல் விழுந்து ரிஜெக்ட் ஆனது. எனக்கு லேபில் மணலின் ஈரப்பதம் பார்க்கிற வேலை. மிக்சரில் எடுத்த மணல் சரியான அளவைக் காட்டியது. பேப்பரை எடுத்துக்கொண்டு போய், மணல் சரியாகத்தான் இருக்கிறது, மோல்டிங்கில்தான் கோளாறு என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் போய் மோல்டர்கள் மேல் பாய்ந்தார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தன் பாக்ஸ் பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு பிடி மணலை எடுத்து அழுத்திப் பிடித்து, கையைத் திறந்து காட்டினார். விரல் ரேகை பதிந்திருக்க வேண்டிய இடத்தில் ஓரமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு மிக்சர் பக்கம் போய் அங்கே ஒரு பிடி எடுத்தார். அது கொழுக்கட்டை மாதிரி நின்றது, நடுவில் ஒடித்தால் சுத்தமாக இரண்டாக உடைந்தது. திரும்பி வருகிற மணல் ஆறவே இல்லை, சூடாக மிக்சருக்குள் போகிறது. மிக்சரில் சேர்த்த தண்ணீர், மோல்டர் கைக்கு வந்து சேர்வதற்குள் ஆவியாகிவிடுகிறது. காலை ஷிப்டிலிருந்தே அவருக்கு அது தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “கேட்டாத்தானுங்க சொல்றது” என்றார்.

மேற்பார்வை என்ற சொல்லிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. மேலே நின்று பார்ப்பதுபோல் தொனிக்கிறது. அன்றைக்கு மேலே நின்றவன் நான், பார்த்தவர் அவர். டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ, இன்ஜினியர்களை ஷாப் ஃப்ளோரில் சாக்பீஸால் வட்டம் போட்டு அதற்குள் மணிக்கணக்கில் நிறுத்தி வைப்பாராம். நின்று பார், கண்ணில் என்ன படுகிறது என்று சொல் என்பாராம். உனக்கு வட்டம் போட யாரும் வரமாட்டார்கள். நீயே ஒரு தூண் ஓரமாக நின்றுகொள், ஒரு முழு ஷிப்ட். போனை லாக்கரில் வைத்துவிட்டு.

இனி சொல்லப்போவது எனக்கு எளிதில்லை. அந்தப் பயிற்சியின்போதே, வேறொரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் இரண்டு வாரம் போட்டார்கள். பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் ராம் இறங்கும். இறங்கும்போது கை டைக்குள் இருக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. நாலாவது நாள் பார்த்தேன். ஒரு ஆப்பரேட்டர் இடது பட்டனின் இடுக்கில் ஐஸ் குச்சியைச் செருகி அதை எப்போதும் அழுந்தியபடி வைத்திருந்தார். வலது கையால் ஓட்டிக்கொண்டே இடது கையால் பீஸைத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். நாம் ட்ரெயினி, நமக்கென்ன வந்தது என்று நினைத்தேன். ஒன்பதாவது நாள் அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் முதல் கணுவரை போயின. விசாரணையில் ஷிப்ட் இன்சார்ஜ் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது: “சேஃப்டி பத்தி எல்லாருக்கும் சொல்லிட்டேன் சார். ரிஜிஸ்டர்ல அவன் கையெழுத்தே இருக்குது.” இருந்தது. அதே இன்சார்ஜ்தான் அந்த மாதம் டார்கெட்டை ஏற்றியிருந்தார். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அந்த எண்ணிக்கை வராது என்பது அவருக்குத் தெரியும். குச்சி எல்லார் கண்ணிலும் பட்டது. பார்த்தவர் பட்டியலில் நானும் ஒருவன்.

நீ அப்படி ஒன்றைப் பார்த்தால் வாயைத் திற. முதலில் அந்த ஆப்பரேட்டரிடமே, தனியாக, மரியாதையாகச் சொல். அதே ஷிப்ட் முடிவதற்குள் சூப்பர்வைசரிடம் சொல். அவர் அசையாவிட்டால் உன்னை அங்கே அனுப்பியவரிடம் போ. தேதி, நேரம் போட்டு உன் டைரியில் எழுதிக்கொள். போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் வைக்காதே. அது அவருடைய வேலைக்கு வேட்டு வைக்கும், டார்கெட்டைத் தொடாது. முடிந்தால் இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடு: குச்சி இல்லாமல் ஓட்டினால் டார்கெட் வருமா? வராது என்றால் பேச்சு ஆப்பரேட்டரோடு முடிந்துவிடாது.

எழுதுவதைப் பற்றிச் சொன்னேன். லாக் புக் என்று ஒன்று உண்டு. மணிக்கு ஒரு தரம் வெப்பம், அழுத்தம், அளவு என்று எழுதி வைப்பது. ஆடிட் வருகிற வாரத்தில் ட்ரெயினிகளுக்குத் தனி மவுசு. மீட்டிங் ரூமில் உட்காரவைத்து, வடை டீயெல்லாம் வரவழைத்து, மூன்று மாதத்து வெற்றுத் தாள்களைக் கொடுப்பார்கள். கூடவே நீலம், கறுப்பு, கொஞ்சம் தேய்ந்த நீலம் என்று மூன்று பேனா. ஒரே பேனாவில் எழுதினால் ஆடிட்டர் கண்டுபிடித்துவிடுவார் அல்லவா! ‘82-லிருந்து 86-க்குள்ள மாத்தி மாத்திப் போடுங்க தம்பி’ என்பார்கள். போடாதே. சண்டையும் போடவேண்டாம். “நான் எடுத்த ரீடிங்கை மட்டும் எழுதறேன் சார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திரு. என்ன செய்துவிடுவார்கள்? வடையைப் பிடுங்கிக்கொள்வார்களா?

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு 1984 டிசம்பர் 2-ஆம் தேதி ராத்திரியை நினைவுபடுத்துகிறேன். விஷவாயு கசிந்த ராத்திரி அது. போபால், யூனியன் கார்பைடு ஆலை, 610-ஆம் எண் தொட்டி. 10.20 மணிக்கு அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு. 10.45-க்கு ஷிப்ட் மாறியது. 11 மணிக்குப் புது ஷிப்டின் ஆப்பரேட்டர் பார்த்தபோது 10 பவுண்டு. 2 முதல் 25 வரை இயல்பு என்பதால் அவருக்குச் சந்தேகம் எழவில்லை. நாற்பது நிமிஷத்துக்கு முன் அது 2 என்பது அவருக்குத் தெரியவில்லை. 11.30 வாக்கில் ஆட்களுக்குக் கண் எரிந்தது. கசிவைத் தேநீருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த ஷிப்டில் பராமரிப்பு மேற்பார்வையாளர் என்று ஒரு பதவியே இல்லை, சிக்கனத்துக்காக நிர்வாகம் அதைச் சில நாட்களுக்கு முன் எடுத்திருந்தது. குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்தி வைத்தது முதல் அந்த ஆலையில் நிர்வாகம் செய்த தவறுகள் தனிப் புத்தகம். அந்தப் பழியை ஷிப்ட் ஆட்கள் தலையில் கட்ட நான் வரவில்லை. இரண்டு எண்களுமே வரம்புக்குள் இருந்தன என்பதை மட்டும் பார். கைமாற்றிச் சொல்லவேண்டியிருந்தது ஏற்றம்.

ஆகவே ஷிப்ட் ஹேண்டோவர் எங்கே நடக்கிறதோ அங்கே போய் நில். போகிறவர் பையை மாட்டிக்கொண்டே ‘எல்லாம் ஓகே’ என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாரா, வருகிறவரை மெஷின் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய் ‘இது நேத்துலேர்ந்து லேசா சத்தம் போடுது, பாத்துக்கோங்க’ என்கிறாரா என்று கவனி. ஒரு வாரம் கவனித்தால் எந்த ஷிப்டில் ரிஜெக்‌ஷன் அதிகம் வரும் என்று நீயே சொல்லிவிடுவாய்.

பேச்சு முறைக்கு வருவோம். இதில் உன்னை நான் ‘நீ’ என்கிறேன். வீட்டுப் பெரியவன் என்ற உரிமையில். ஷாப் ஃப்ளோரில் பார்த்தால் உன்னையும் ‘வாங்க’ என்றுதான் சொல்வேன். கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்குகிற ஒரே காரணத்துக்காக, ஐம்பது வயது ஃபிட்டரை ‘இங்க வாப்பா’ என்று கூப்பிடுகிற இன்ஜினியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் பதிலுக்கு ‘சொல்லுங்க சார்’ என்பார். அந்தப் பதிலில் மரியாதை இருக்கிறது என்று நம்பினால் நீ ஏமாளி. அன்று மாலை மெஷினில் ஒரு சத்தம் கேட்கும். அவருக்குக் கேட்கும், உன்னிடம் சொல்லமாட்டார். அண்ணா, அக்கா, ஐயா என்று எது வாயில் வருகிறதோ அதைச் சொல். பெயர் தெரிந்து கூப்பிடு. தப்பைத் தனியாகச் சொல், பாராட்டை நாலு பேர் முன்னால் சொல். கேட்டுக் கேட்டுப் புளித்த அறிவுரை, தெரியும். செய்கிறவர்களை எண்ண எனக்கு ஒரு கை போதும்.

‘எந்த ஊருங்க?’ என்று கேள், தப்பில்லை. ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்று கேட்காதே. எதற்காகக் கேட்கப்படுகிற கேள்வி என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்லாமல் நெளிகிறவருக்கும் தெரியும். உன்னை யாராவது அப்படிக் கேட்டு, தன் ஆள் என்று தெரிந்ததும் நல்ல மெஷினில் போடுகிறேன் என்றால், அந்த மெஷின் வேண்டாம் என்று சொல். மணிக்கட்டில் கலர் கயிறு இருந்தால் அவிழ்த்துவிடு. ட்ரில்லிங் மெஷினில் சுற்றிக்கொள்ளும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் உனக்கே தெரியும்.

அம்மிணி, உனக்குத் தனியாக இரண்டு வார்த்தை. பெண் பிள்ளை என்று சொல்லி உன்னை குவாலிட்டி லேபிலேயே உட்காரவைக்கப் பார்ப்பார்கள், பாதுகாப்பாம். அசெம்பிளி லைனில் பெண்கள் எட்டு மணி நேரம் நிற்கிறார்கள். அவர்களோடு நின்று பார். பாத்ரூம் போவதற்கு லைன் லீடரிடம் டோக்கன் கேட்கவேண்டுமா, கேட்டால் முகம் சுளிக்கிறாரா, அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். நாளைக்கு நீ லைன் போடும்போது எதை முதலில் மாற்றவேண்டும் என்பதும். யாராவது உன்னிடம் அத்துமீறினால், பதினைந்து நாள்தானே என்று விழுங்காதே. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வந்தவரையும் ஊழியர் என்றே கணக்கில் எடுக்கிறது. பத்துப் பேர் வேலை செய்தாலே உள்ளகக் குழு இருக்கவேண்டும். குழுவில் யார் யார் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்.

கல்லூரிக்காரர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை, அவர்களுக்கே எல்லாம் தெரியும். பாடத்தையும் பட்டறையையும் மாற்றி மாற்றிப் படிக்கவைக்கும் முறையை ஹெர்மன் ஷ்னைடர் 1906-லேயே சின்சினாட்டியில் 27 மாணவர்களை வைத்து ஆரம்பித்துவிட்டார். நம் ஊரில் 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஆரம்பித்தபோதே ஒரே வளாகத்தில் வகுப்பும் தொழிற்கூடமும் இருந்தன, சாண்ட்விச் படிப்பும் அங்கே வந்தது. தொழிற்பயிற்சிச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது, 1973-ல் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் அதில் சேர்த்தார்கள். 2018-ல் ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டமும் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்கிறது. ஆகவே விதி இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. ஒரு ஆசிரியர் ஒரே ஒரு நாள் பஸ் ஏறி அந்த கேட்டுக்குப் போய், ‘எங்க பையன் உள்ள இருக்கானா?’ என்று கேட்டால் போதும். வைவாவில் கம்பெனியின் டர்ன்ஓவரைக் கேட்காதீர்கள், அது வெப்சைட்டில் இருக்கிறது. ‘நீ யாரிடம் கற்றுக்கொண்டாய், அவர் பெயர் என்ன?’ என்று கேளுங்கள். போகாதவன் அங்கேயே அகப்படுவான்.

முதலாளிமார்களே, மேனேஜர்களே, இலவசமாக வந்த கை என்று அந்தப் பிள்ளைகளை பேக்கிங்கில் போட்டு அட்டைப்பெட்டி மடிக்கவிடாதீர்கள். ஆளில்லாத ராத்திரி ஷிப்டுக்கு ட்ரெயினியைக் கொண்டு நிரப்பினால் அது சுரண்டல், வேறு பெயர் கிடையாது. அவனிடம் ஒரு சின்னப் பொறுப்பு கொடுங்கள். காலையில் ஷிப்ட் தொடங்குமுன் நடக்கிற ஐந்து நிமிஷப் பாதுகாப்புப் பேச்சை ஒரு நாள் அவன் பேசட்டும், குரல் நடுங்கட்டும். மூன்று ஆப்பரேட்டர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு ட்ராலியின் இடத்தை மாற்றிப் பார்க்கட்டும். தோற்றால் ஒரு ட்ராலிதான் நஷ்டம். இருபத்தைந்து பேரைக் கொடுத்த பிறகு அவன் முதன்முதலாகத் தோற்றால் உங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் லெட்டர்பேடைப் பூட்டி வையுங்கள்.

ஜாவா கிளாஸ் பையனின் அப்பாவுக்குத் திரும்பக் கூப்பிட்டேன். சர்டிபிகேட் கிடைக்காது, பையன் வருவதாக இருந்தால் நான் ஒரு இடம் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பையனே வாங்கிப் பேசினான். “எத்தனை மணிக்கு வரணுங்க அங்கிள்?” என்றான். குரலில் உற்சாகம் ஒன்றும் இல்லை, பரவாயில்லை.

அவனுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். திங்கட்கிழமை முதல் ஷிப்ட் ஆறரைக்கு. ஆறு பத்துக்கு கேட்டில் நில். காலில் ஷூ, முழுக்கைச் சட்டை வேண்டாம், மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வா. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு, ஒரே ஒரு பேனா. செக்யூரிட்டி அண்ணன் ரிஜிஸ்டரை நீட்டுவார். உள்ளே போகும் நேரத்தை கடிகாரத்தைப் பார்த்து எழுது.